வாடகை வீட்டில் பூசணம்: துடைப்பது யார், சரிசெய்வது யார்?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் போதும், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்துதான். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ படர்கிறது. ஓனரிடம் சொன்னால் "நீங்க ஜன்னலையே திறக்கிறதில்லையே, அப்புறம் எப்படி?" என்கிறார். நாம் "உங்க வீடு ஒழுகுது சார்" என்கிறோம். பக்கத்து வீட்டு மாமி வினிகர் தெளிக்கச் சொல்கிறார், பெயிண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைக்கிறார், வாட்ஸ்அப் குழுவில் யாரோ "அது கருப்பு பூஞ்சை, உடனே வீட்டை காலி பண்ணுங்க" என்று பயமுறுத்துகிறார். எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள்.

சென்னையில் நான் இதுவரை குடியிருந்த நான்கு வாடகை வீடுகளில் மூன்றில் இந்தப் பிரச்சினை இருந்தது. முதல் வீட்டில் நானும் துடைத்தேன், மேலே பெயிண்ட் அடித்தேன், மறுபடி துடைத்தேன். மூன்றாவது வீட்டில்தான் ஒரு வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் பார்க்கறீங்க, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க" என்றார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். தண்ணீர் வரும் வழி தெரிந்தால் பூசணத்தை நிறுத்தவும் முடியும், அதற்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஊறுகாய் ஜாடியும் உங்கள் சுவரும்

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் வீட்டில் என்ன திட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் கெடாமல் இருந்த மாவடு, ஒருநாள் ஈரக் கரண்டி பட்டதும் அடுத்த வாரம் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தப் பூசணம் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்ததா? அப்படியும் வரலாம். ஆனால் அதன் வித்து காற்றில் எப்போதுமே மிதந்துகொண்டிருக்கிறது, ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகத்தான் செய்தது. உப்பும் எண்ணெயும் அதற்குத் தண்ணீர் கிடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. ஈரக் கரண்டி அந்தக் காவலை உடைத்துவிட்டது.

பூசணம், பூஞ்சை, பூஞ்சணம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் உயிர் ஒன்றுதான். அது செடியும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. காளான் சேர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத நூல் இழைகளாகப் படர்ந்து, தான் உட்கார்ந்திருக்கும் பொருளையே கரைத்துச் சாப்பிடும். வித்து என்று மேலே சொன்னது அதன் விதை மாதிரியான துகள். தூசியைவிடச் சிறியது, உங்கள் வீட்டில் இப்போதும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. எல்லா வித்தையும் ஒழித்துவிட்டு வாழ யாராலும் முடியாது.

அது முளைக்க மூன்று வேண்டும். ஒன்று, மிதமான வெப்பம். நம் ஊரில் வருடம் முழுக்க இருக்கிறது. இரண்டாவது சாப்பாடு. பெயிண்டில் இருக்கும் பசை, பீரோவின் பிளைவுட், அட்டைப்பெட்டி, தோல் செருப்பு, பட்டுப்புடவை, சுவரில் படிந்த தூசி, எல்லாமே அதற்கு விருந்துதான். மூன்றாவது தண்ணீர். முதல் இரண்டையும் நம்மால் தடுக்க முடியாது, ஆக மிச்சம் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். நனைந்த பொருளை ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள் முழுதாகக் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் வராது, அதைத் தாண்டினால் ஆரம்பிக்கும். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றாலே அதற்குப் போதும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வித்து எங்கும் உண்டு, சாப்பாடு எங்கும் உண்டு, ஈரம் கிடைத்த இடத்தில் முளைக்கும். பூசணத்தைக் கண்டால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறது என்று பொருள்.

வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூசணம் இல்லை, கறுப்பாக இருப்பதெல்லாம் எமன் இல்லை

தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரில் வெள்ளையாகப் பொரிப்பொரியாக வந்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறதா? அது பெரும்பாலும் உப்பு. செங்கல்லிலும் மணலிலும் தண்ணீரிலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து சுவரின் வெளிப்பக்கம் வந்து, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது. உப்பு பூத்திருக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். சோதித்துப் பார்ப்பதும் சுலபம்: கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், உப்பு கரைந்து காணாமல் போகும், பூசணம் கரையாமல் அங்கேயே இருக்கும். உப்புக்கு மூக்கில் ஏறும் அந்த மக்கல் வாடையும் கிடையாது. ஆனால் உப்புதானே என்று விட்டுவிட வேண்டாம், தண்ணீர் அந்த வழியாகப் போய்வருகிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

அடுத்தது அந்த வாட்ஸ்அப் பயம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது "கருப்பு பூஞ்சை" என்று செய்தியெல்லாம் ஓடியது நினைவிருக்கும். அது மியூக்கர்மைகோசிஸ் என்ற நோய். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. அந்த நோயில் தசை அழுகிக் கறுத்துப்போவதால் அந்தப் பெயர். உங்கள் குளியலறை மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளிக்கும் அதற்கும் நிறத்தைத் தவிர வேறு உறவு தேட வேண்டாம். சுவரில் வளரும் பூசண வகைகளில் கறுப்பு நிறத்தில் பல உண்டு, பச்சையிலும் உண்டு, நிறத்தைப் பார்த்து எது அதிக கெடுதல் என்று சொல்ல முடியாது.

அதற்காகக் கெடுதலே இல்லை என்றும் இல்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பு கூடும், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் கண் எரிச்சலும் வரும், கைக்குழந்தைகளும் வயதானவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள். ஈரமான, பூசணம் பிடித்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சு சம்பந்தமான தொல்லை அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. அதனால் பதறவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

நான்கே வழிதான். எந்த வீட்டை எடுத்தாலும் இந்த நான்கில் ஒன்று, துரதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

முதல் வழி, மேலிருந்தும் வெளியிலிருந்தும் வரும் மழை. மொட்டை மாடியில் தட்டோடு விரிசல் விட்டிருக்கும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் பிளவு இருக்கும், சன்ஷேடு மேல் தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கும், மாடித் தண்ணீர் வடியும் குழாய் வாயில் இலை அடைத்துக் குளம் கட்டியிருக்கும். அடையாளம் எளிது: மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கறை பெரிதாகும், வெயிலில் சுருங்கும். கூரையில் காபிக் கறை மாதிரி வளையம் வளையமாக விழுந்திருந்தால் அநேகமாக இதுதான்.

இரண்டாவது வழி குழாய். சுவருக்குள் புதைத்த குழாயின் இணைப்பில் ஊசி முனை அளவு கசிவு போதும். அல்லது மேல் வீட்டுக் குளியலறையில் தரையில் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சு விட்டுப்போய், அவர்கள் குளிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கூரைக்குக் கொஞ்சம் இறங்கும். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சித்திரை வெயிலிலும் சுவர் ஈரமாகவே இருக்கும். என்னைக் கேட்டால் அடுக்குமாடிகளில் அதிகம் சண்டை வருவது இதில்தான், ஏனென்றால் கசிவது ஒருவர் வீட்டில், நனைவது இன்னொருவர் வீட்டில்.

மூன்றாவது கீழிருந்து ஏறும் ஓதம். குத்துவிளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது, எண்ணெயை யாரும் மேலே தள்ளவில்லை, திரி தானாக உறிஞ்சிக்கொள்கிறது அல்லவா? செங்கல்லும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் மயிரிழைத் துளைகள் வழியாகத் தண்ணீர் தானாக மேலேறும், இதற்குப் பெயர் நுண்புழை ஏற்றம். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் ஏறாத ஒரு அடுக்கைப் போடுவார்கள், கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள். அது போடாத வீட்டிலும், பிறகு சாலையை உயர்த்தி உயர்த்தி வீடே பள்ளத்துக்குப் போன இடத்திலும் தரைத்தள சுவர்கள் திரியாக மாறிவிடும். அடையாளம், தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை அலை மாதிரி ஒரு கோடு, கூடவே உப்பு.

நான்காவது வழிதான் அதிகம் குழப்புவது, ஏனென்றால் இங்கே தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. அது காற்றில் இருக்கும் நீராவி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாட்டில் ஒழுகவில்லை, சுற்றியுள்ள காற்றிலிருந்த நீராவிதான் அதன்மேல் வந்து படிகிறது. வெதுவெதுப்பான காற்று பெரிய பஸ் மாதிரி, குளிர்ந்த காற்று மினி பஸ் மாதிரி. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை ஏற்றிக்கொள்ளும், 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். பெரிய பஸ் கூட்டத்தை மினி பஸ்ஸில் ஏற்றினால் மீதிப் பேர் ரோட்டில் இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்த ரோடுதான் உங்கள் குளிர்ந்த சுவர். பஸ்ஸில் எத்தனை சதவீதம் இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் ஈரப்பதம் என்கிறோம்.

குளியல், சமையல், இஸ்திரி, மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி, எல்லாம் பஸ்ஸில் ஆள் ஏற்றும் வேலைதான். ஒரு வாளித் துணியில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தால் அது அத்தனையும் அறைக் காற்றுக்குள்தான் போகிறது. அப்புறம் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்போம், பின்னால் காற்றே போகாது, அங்கே பூசணம். ஏசி ஓடும் அறையின் மறுபக்கச் சுவரிலும் வரும்: இந்தப் பக்கம் 20 டிகிரியில் குளிர்வித்துக்கொண்டே இருந்தால் ஒற்றைக்கல் சுவரின் அந்தப் பக்கமும் குளிர்ந்துவிடும். நவம்பரில் சென்னையில் ஏற்கெனவே பஸ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பித்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் குளிர்ந்தாலே ஆள் இறங்க ஆரம்பித்துவிடும்.

ஆக மழை, குழாய், தரை, காற்று என்று நான்கு. முதல் மூன்றும் கட்டடத்தின் கோளாறு, நான்காவதில் நம் பழக்கமும் கலந்திருக்கிறது. "ஜன்னலைத் திறங்க" என்ற அறிவுரை நான்காவதற்கு மட்டுமே பொருந்தும். அதிலும் மழை கொட்டும்போது திறந்தால் பெரிய பலன் இல்லை, வெளியே இருக்கும் காற்றும் ஈரம்தான். மழை விட்டு வெயில் முகம் காட்டும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போட்டால்தான் வேலை நடக்கும்.

அலுமினியத் தாள் சோதனை

எந்த வழி என்று ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். சப்பாத்தி சுற்றித்தரும் அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சந்தேகப்படும் இடத்தில் சுவரை முதலில் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து. இரண்டு பக்கமும் நனைந்தால், முன்பே சொன்னேனே, துரதிர்ஷ்டம்.

கூடவே ஒரு சின்னக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மழை பெய்த தேதியையும் குறியுங்கள். இரண்டு வாரத்தில் மழையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓனரிடம் பேசும்போது இந்தப் பென்சில் கோடுதான் என் வாயைவிட அதிகம் பேசியது.

சரி, யார் செலவு?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் ஒரு சட்டம் வந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்தது இது. அதில் பூசணம் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதனால் சட்டம் இதைப் பற்றிப் பேசவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தண்ணீர் வரும் வழிகளைப் பற்றிப் பேசுகிறது.

பராமரிப்பு பற்றிய 15ஆவது பிரிவும் அதோடு சேர்ந்த இரண்டாம் அட்டவணையும்தான் நமக்கு வேண்டியவை. அட்டவணை வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின் வயரிங், இவை உரிமையாளர் பக்கம். குழாயின் வாஷர், குழாய்த் திருகு மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, கழிவறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, இவை குடியிருப்பவர் பக்கம். குடியிருப்பவர் உடைத்ததால் வந்த கட்டட ரிப்பேர் என்றால் அதுவும் அவர் தலையில்தான்.

இப்போது நம் நான்கு வழிகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழை, கட்டட அமைப்பு, ஓனர். தரையிலிருந்து ஏறும் ஓதம், சந்தேகமே இல்லை, ஓனர். சுவருக்குள் புதைந்த குழாய், ஓனர். வாஷ்பேசினுக்குக் கீழே நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததை நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டு அலமாரி ஊறிப்போனதா? மன்னிக்கவும், அது உங்கள் கணக்கு. சேதத்தைப் பார்த்தால் சீக்கிரம் சொல்வதும் குடியிருப்பவர் கடமைதான்.

மேல் வீட்டுக் குளியலறைக் கசிவில் நாம் செய்யும் தவறு, நேராக மேல் வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடுவது. தன்மையாகத் தகவல் சொல்வது நல்லதுதான், ஆனால் உங்களுக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. உங்கள் ஒப்பந்தம் உங்கள் ஓனரோடு. அவர்தான் மேல் வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ பேசித் தீர்த்துத் தர வேண்டும். "அது மேல் வீட்டுப் பிரச்சினை, நான் என்ன பண்ண?" என்று அவர் கை விரித்தால் அங்கே விட்டுவிடாதீர்கள்.

காற்று ஈரம்தான் இழுபறி. துணியை உள்ளே காயப்போட்டு, ஜன்னலை மூடி, பீரோவை ஒட்டிப் போட்டது நாம் என்றால் மாற்ற வேண்டியதும் நாம்தான். ஆனால் குளியலறையில் ஜன்னலே இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை இருக்கிறது ஃபேன் இல்லை, துணி காயப்போட பால்கனியும் இல்லை, மாடிக் கதவை ஓனர் பூட்டி வைத்திருக்கிறார் என்றால்? அப்போது பழக்கம் என்று சொல்லித் தப்பிப்பது நியாயமில்லை என்பது என் கட்சி. சட்டத்தில் இதற்கு நேரான வரி இல்லாததால் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கும். ஃபேன் விலையைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஒப்பந்தத்தில் ரிப்பேர் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். "எல்லாப் பராமரிப்பும் வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒரு வரி நுழைந்திருக்கும், நாம் சாவி வாங்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். அடுத்த முறை படியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் சென்னை வழக்கமும் இந்த மாதிரி வரிகளின் பலத்தில்தான் ஓடுகிறது, அட்டவணைப்படி பார்த்தால் வெள்ளையடிப்பது ஓனர் வேலை.

சுருக்கமாக: பூசணத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தக் குழாய்க்கு, இந்த மாடிக்கு, இந்த வாஷருக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் கிடைக்கும்.

"உங்க பழக்கம்தான் காரணம்" என்ற பதிலுக்கு ஒரு ஊரில் கொடுத்த விலை

இந்தப் பழியை நம் ஊர் ஓனர்கள் மட்டும்தான் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், சமூக வாடகைக் குடியிருப்பு (உள்ளாட்சியோ லாப நோக்கமற்ற அமைப்போ குறைந்த வாடகைக்குத் தருவது) ஒன்றில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனது. வீட்டில் பூசணம் என்று தந்தை 2017லேயே சொல்லியிருந்தார், மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று கட்டடத்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். நீண்ட காலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார்.

அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, கடுமையான ஈரமோ பூசணமோ என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இப்படிப்பட்ட வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களுக்கு இது நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நமக்கு இப்படி நாள் கணக்குப் போட்ட விதி இல்லை.

ஓனரிடம் எப்படிச் சொல்வது

போனில் மட்டும் சொல்லாதீர்கள். போனில் சொன்னது காற்றோடு போச்சு. பேசுங்கள், பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம் சார். இன்று பேசியபடி, பின்பக்க படுக்கையறைக் கூரையில் நவம்பர் 3ஆம் தேதியிலிருந்து ஈரமும் பூசணமும் இருக்கிறது. மழை இல்லாத நாட்களிலும் குறையவில்லை, அதனால் மேல் வீட்டுக் குளியலறைக் குழாயாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். படங்கள் இணைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பிளம்பரை அனுப்பிப் பார்க்கச் சொல்ல முடியுமா? காலையில் எப்போது வந்தாலும் வீட்டில் இருப்போம்."

இதில் கோபம் இல்லை, பழி இல்லை. இடம், தேதி, சந்தேகம், படம், கெடு, எல்லாம் இருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் இதுதான் ஆதாரம்.

அப்படியும் அசையவில்லை என்றால், அவர் செய்ய வேண்டிய ரிப்பேரை அவர் மறுக்கும்போது, நீங்களே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள 15ஆவது பிரிவு வழி விடுகிறது. ஆனால் முதலில் எழுதிக் கேளுங்கள், மதிப்பீடு வாங்கி அனுப்புங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது. அந்த அளவை நீங்களாகவே கடைப்பிடித்தால் சண்டை குறையும். வாடகையே தராமல் நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம். ரிப்பேர் கேட்ட நீங்கள், வாடகை பாக்கி வைத்தவராக மாறிவிடுவீர்கள்.

ரிப்பேர் செய்யாமல் வசிக்கவே முடியாது என்ற நிலை, எழுதிக் கேட்டும் அவர் மறுக்கிறார் என்றால், 15 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்துவிட்டு வீட்டை விடலாம், அல்லது வாடகை ஆணையத்திடம் போகலாம். வாடகை ஆணையம் என்பது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு அவரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பத்திரத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு அங்கே போகும்போது கால் கொஞ்சம் தடுக்கும்.

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு

தண்ணீர் நின்ற பிறகுதான் இது. மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம், அதைத் தாண்டினால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவரும் குழந்தைகளும் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம். காய்ந்த துடைப்பத்தால் தட்டவே கூடாது, வித்து அறை முழுக்கப் பறக்கும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, வேறு துணியால் ஈரம் எடுத்து, ஃபேன் போட்டு முழுக்கக் காயவிடுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் கரைசல் டைல்ஸ் மேல் சரி, சுண்ணாம்பு, சிமென்ட் பூச்சுச் சுவரில் பெரிய பயன் இல்லை, நிறம் போய்விடும், உள்ளே போன இழை அப்படியே இருக்கும். ப்ளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளிவரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கற்பூரமும் வேப்பிலையும் வாடைக்கு ஆகும், ஈரத்துக்கு ஆகாது. ஊறிய அட்டைப்பெட்டி, பஞ்சுமெத்தை மாதிரியானவற்றைக் காப்பாற்றப் பார்க்காமல் தூக்கிப் போடுவதே மேல்.

ஈரச் சுவர் மேல் பெயிண்ட், புட்டி, வாட்டர்ப்ரூஃப் என்று எதை அடித்தாலும் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் அதைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். கசிவை அடைத்த பிறகும் செங்கல் சுவர் காய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். எங்கள் கூரையில் கடைசியில் மேல் வீட்டு நஹானி ட்ராப்தான் என்று தெரிந்தது. ஓனர் வந்து பென்சில் கோடுகளைப் பார்த்தார், மேல் வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டார், டிசம்பரில் சரியானது. உடனே பெயிண்டரை அனுப்புகிறேன் என்றவரை நான்தான் நிறுத்தினேன். பெயிண்டர் வந்தது மார்ச் கடைசியில். அதுவரை தினம் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கூரையைக் கையால் தொட்டுப் பார்ப்பது என் மகளின் வேலையாக இருந்தது.